இரண்டு மிதிவண்டிகளுக்கு நடுவே ஒரு ரயில்

சாக்குச் சொல்லாமை என்றோர் அறம் உண்டு. பொய்யாமைக்கும் பொறையுடைமைக்கும் இடையில், அவற்றின் நிழலில் ஒதுங்கி நிற்கும் சிறிய அறம் அது. பேரறங்களைப் பாடிய பெருமக்கள் இதனைத் தனியே எடுத்துப் பாடவில்லை. இதைக் கைக்கொள்பவருக்குப் புகழும் கிடைப்பதில்லை. பெரும்பாலும் வசவுதான் கிடைக்கிறது. மழை, நெரிசல், பஞ்சர் என்று உலகம் வாரி வழங்கும் காரணங்களில் ஒன்றையும் தொடாமல், பிழை நேர்ந்த இடத்தில் வாயை மூடி நிற்பது எத்துணை அரிது என்பதை நின்று பார்த்தவரே அறிவர். கிள்ளான் காப்பார் சாலைப் பக்கம் குடியிருந்த வேலாயுதத்துக்கு அந்த அறம் பிறவியிலேயே வாய்த்திருந்தது. அவரைப் படாத பாடு படுத்தியதும் அதுவே.

அவர் தொழில் நெருப்போடும் நீரோடும் கூடியது. கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸின் பின்தெரு ஒன்றில் ஒரு சலவைச் சாலை இருந்தது. விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் துவாலைகளையும் வெளுத்து, நீராவியால் தேய்த்து அனுப்பும் இடம். அதன் கொட்டகையில் யானைக்கன்று படுத்ததுபோல் ஒரு கொதிகலன் கிடந்தது. விடியுமுன் அதற்கு நெருப்பு மூட்டி, ஏழு மணிக்கு முப்பது பெண்கள் தேய்ப்பு மேசைக்கு வரும்போது குழாய்களில் ஆவி ஏறியிருக்கச் செய்வது வேலாயுதத்தின் கடமை. அரசாங்கச் சான்றிதழ் பெற்றவரே அதில் கைவைக்கலாம். அவர் ஆறேகாலுக்கு வரவில்லையானால் முப்பது பேரும் கைகட்டி நிற்பர். ஒன்பது மணி லோரியும் வெறும் வயிற்றோடு நிற்கும்.

வேலை பிரிக்பீல்ட்ஸில், வீடோ இருபது மைலுக்கு அப்பால், மனைவி சீதாலெட்சுமியின் தகப்பனார் விட்டுச் சென்ற பலகை வீடு. அதை விட்டு வர அந்த அம்மாள் ஒப்பவில்லை, இவரும் வற்புறுத்தவில்லை. ஆகவே இடைப்பட்ட இருபது மைலையும் நாள்தோறும் இருமுறை கடப்பதே அவர் பிறவிப் பயனாயிற்று. இந்தப் பட்டணத்திலோ பேருந்துக்கு மிதிவண்டியை ஆகாது. மிதிவண்டிக்கு ரயிலை ஆகாது. ரயிலுக்குப் பேருந்தை ஆகாது. மூன்றும் கல்யாண வீட்டில் முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சம்பந்திகளைப் போன்றவை. நடுவில் நின்று மூவரையும் சமாதானம் செய்பவர் கதிதான் வேலாயுதத்தின் கதி.

முதலில் பேருந்துக் காலம். வீட்டிலிருந்து கிள்ளான் பேருந்து நிலையம் வரை மிதிவண்டி. அங்கே அதைக் கம்பத்தில் பூட்டிவிட்டுக் கோலாலம்பூருக்குப் பேருந்து. அங்கிருந்து ரோஸ் நிற மினி பஸ்ஸில், தலையைக் குனிந்து கழுத்தை மடக்கி, பிரிக்பீல்ட்ஸ். இரண்டு மிதிவண்டிகள் திருட்டுப் போயின. மூன்றாவதைக் காக்க ஓர் உபாயம் கண்டார். பூட்டியவுடன் இருக்கையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்; இருக்கையில்லாத வண்டியை எவன் திருடுவான்? ஒருவனும் திருடவில்லை. ஆனால் அந்த இருக்கையை நாள் முழுதும் சுமந்து திரிய வேண்டியதாயிற்று. ஒருமுறை வேலை முடிந்து நேரே திருமணப் பந்திக்குப் போனவர் அதை மடியில் வைத்து அமர்ந்திருக்க, பரிமாற வந்தவர் அந்த இருக்கையைக் காட்டி, "இவருக்கும் ஒரு எலை போடுங்கப்பா" என்றார். பந்தி சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.

சங்கிலி அறுந்த ஒரு மாலை, வண்டியையே பேருந்தில் ஏற்றப் பார்த்தார். நடத்துநர் படியில் குறுக்கே நின்று கேட்டார்: "அண்ணே, இது பஸ்ஸா, லோரியா? அடுத்த தடவ மாட்டையும் புடிச்சிட்டு வருவீங்க போல லா." வேலாயுதம் வண்டியை இறக்கித் தள்ளிக்கொண்டு நடந்தார்.

பிறகு மின்சார ரயில் வந்தது. குளிரூட்டிய பெட்டி, தானே திறக்கும் கதவு. இனி மிதிவண்டியோடு ஏறிக் கோலாலம்பூரில் மிதிவண்டியோடு இறங்கலாம் என்று பேராசையோடு போனார். ஆள் ஏறலாம், வண்டி ஏறக்கூடாது என்று அங்கிருந்த காவலர் மரியாதையாகவே சொல்லிவிட்டார். மடக்கினால் ஏற்றலாமா என்று இவர் கேட்டார். இதை எப்படி மடக்குவீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். இருவரும் அந்தக் கனத்த பழைய வண்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

அன்றிரவு பிறந்தது இரண்டு மிதிவண்டித் திட்டம். ஒன்று கிள்ளானில், வீட்டுக்கும் ரயிலடிக்கும் இடையே. மற்றொன்று கோலாலம்பூர் ரயில் நிலைய வேலியோரம், ரயிலுக்கும் கொதிகலனுக்கும் இடையே. இரண்டாவதைப் பிரிக்பீல்ட்ஸில் ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி ஒருவரிடம் வாங்கினார். இளநீலம், முன்னே பிரம்புக் கூடை, பெண்கள் ஓட்டும்படி நடுக்கம்பி தாழ்ந்தது. சலவைத் துணிகளை வகைபிரிக்கும் பவுனம்மாள் முதல் நாளே பார்த்துவிட்டாள். "அண்ணே, நாளைக்குச் சட பின்னி, பூ வெச்சிக்கிட்டு வாங்க. எடுப்பா இருக்கும்." அவள் நாக்குக்கு அந்தச் சாலையில் தவுக்கேகூட அஞ்சுவார். தவுக்கே என்பது அங்கே எல்லாரும் சீன முதலாளியை அழைத்த பெயர்.

இரண்டு வண்டி என்றால் தொல்லையும் இரண்டு. காற்றுப் பம்பு கிள்ளானில் இருக்கும் நாளில் டயர் கோலாலம்பூரில் இறங்கும். மழைக்கோட்டு ஒரு கூடையில் உறங்க, மழை மறு ஊரில் கொட்டும். நீல வண்டியின் மாற்றுச் சாவி வாங்கிய வாரமே சாக்கடையில் விழுந்தது. ஒற்றைச் சாவிதான் கதி. இத்தனை இடரிலும் அவர் தாமதமான நாள்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒருநாள் பள்ளத்தில் விழுந்து, முழங்காலில் குருதி வழிய, ஐந்து நிமிடம் கழித்து வந்தார். ஏன் தாமதம் என்று தவுக்கே கேட்டதற்கு, தாமதமாகிவிட்டது என்றார். அவ்வளவே. குருதியைப் பார்த்துக்கொண்டே தவுக்கே மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே விடை. தவுக்கேக்குத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிக்க ஒரு காரணம் தேடுபவருக்கு அக்காரணத்தைத் தராத மனிதரைப்போல் எரிச்சலூட்டுபவர் எவருமில்லை.

இந்த எரிச்சலோடுதான் தவுக்கே ஒரு முடிவுக்கு வந்தார். மூத்த கொதிகலன்காரர் மாணிக்கம் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு இருவர் நின்றனர்: பல்லாண்டு துணையாளாய் இருந்த வேலாயுதம், புதிதாய்ச் சான்றிதழ் பெற்ற தம்புசாமி. தம்புசாமியின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. பல் துலக்கிக்கொண்டே வேலைக்கு வரலாம். கலன் ஒன்றாகையால் இனி ஆள் ஒருவர் போதும். தவுக்கே தீர்த்துச் சொன்னார்: மூன்று மாதம். ஒருநாளும் ஆறேகால் தவறாமல் வேலாயுதம் வந்தால் வேலை அவருக்கு நிலையாகும், தவறினால் தம்புசாமிக்கு. நாற்பத்தெட்டு வயதில், வேறெந்த ஆலையும் கதவு திறக்காது என்பது வேலாயுதத்துக்குத் தெரியும். பள்ளி செல்லும் மூன்று பிள்ளைகளின் சோறு அந்த ஆறேகாலில் இருந்தது.

மூன்று மாதம் நிறையும் தறுவாய்வரை தவறவில்லை. கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு ஆயுத பூசை.

ஞாயிறு வேலைக்கு விடுமுறையாகையால், சனிக்கிழமை மாலையே, நெருப்பை அணைத்தபின், வழக்கம்போல் கொதிகலனைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அடுப்புக் கதவில் மாலை சார்த்திக் கற்பூரம் காட்டிவிட்டு வந்தார். திங்கள் விடியலில் மறுபூசை செய்து மாலையை இறக்கியபின்னரே நெருப்பு. நீல வண்டியை ரயில் நிலைய வேலியில் பூட்டிவிட்டு வீடு திரும்பினார்.

ஞாயிறு மாலை வீட்டுப் பூசை. கிள்ளான் வண்டி கழுவி நிறுத்தப்பட்டு, சக்கரங்களில் சந்தனம் பெற்றது. பிள்ளைகளின் புத்தகங்கள், அரிவாள்மனை, தையல் இயந்திரம் எல்லாம் வரிசையில் அமர்ந்தன. பூசையில் வைத்ததை மறுபூசை வரை தொடலாகாது என்பது சீதாலெட்சுமியின் வீட்டுச் சட்டம். அதற்கு விலக்கே கிடையாது. அதனால் மறுநாள் ரயிலடிவரை நடந்தே போவது என்று அவர் முன்பே தீர்மானித்திருந்தார். மறுமுனையில் நீல வண்டி இருக்கிறதே என்ற துணிவு.

அவர் நீராடி, நீறணிந்து வந்தபோது கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது. கலைமகள் படத்தின் முன்னே, தாம்பாளத்தில், வெற்றிலைமீது, மஞ்சள் நூல் சுற்றிய ஒற்றைச் சாவி குங்குமப் பொட்டோடு படுத்திருந்தது.

அது எப்படி அங்கே வந்தது என்று அவர் கேட்டார். அந்த நீல வண்டியும் நாள்தோறும் உழைக்கிறதே, ஒன்றுக்கு மாலை போட்டு மற்றதை அநாதையாய் விடுவதா என்று சீதாலெட்சுமி கேட்டாள். வண்டியைக் கொண்டுவர வழியில்லை. சாவியையாவது வைக்க வேண்டாமா? அவள் அன்போடுதான் செய்திருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நாளைக்கு அந்தச் சாவி இல்லாம நான் என்னா பண்றது?"

"மறுபூச பண்ணிட்டு எடுத்துக்கங்க."

"மறுபூச எத்தன மணிக்கு?"

"விடிஞ்ச பொறவு. ஏழு மணிக்கு மேல."

"அங்க பாய்லருக்கு நான் ஆறேகாலுக்கே மறுபூச பண்றேன். அங்க ஒத்துக்கற சாமி இங்க ஒத்துக்காதா?"

"அது தவுக்கே நேரம். இது சாமி நேரம்" என்றாள் சீதாலெட்சுமி.

அவர் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைநீட்டி எடுத்துவிடலாம், தடுக்க அவளால் ஆகாது. ஆனால் எடுத்துச் சென்ற நாளில் ஏதேனும் நேர்ந்தால், அதன்பின் இந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் அந்தச் சாவியைப் பற்றியே பேச்சு நடக்கும். அவர் கணக்கிட்டார். கோலாலம்பூர் நிலையத்திலிருந்து சலவைச் சாலைவரை ஓட்டமும் நடையுமாய்ப் போனால் இருபது நிமிடம்; முதல் ரயில் ஆறு அடிக்க ஐந்துக்குச் சேரும்; ஆறேகாலுக்குப் பொருந்திவிடும். கிள்ளானில் முதல் ரயில் ஐந்து ஐந்துக்கு. வீட்டிலிருந்து ரயிலடி மிதிவண்டியில் கால்மணி. நடந்தால் நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டார். நாலேகாலுக்குப் புறப்பட்டால் பத்து நிமிடம் மிஞ்சும்.

பிழை அங்கேதான். அந்தச் சாலையைப் பதினெட்டு ஆண்டுகளாய் அவர் மிதியால் மட்டுமே அறிந்திருந்தார், பாதத்தால் அறிந்ததில்லை. திங்கள் நாலேகால் இருட்டில், மிதிவண்டிக்கு ஒரே மூச்சில் கழியும் இறக்கம், நடப்பவனுக்கு முடிவில்லாமல் நீண்டது. மேடென்று அவர் எண்ணியேயிராத இடம் மேடாக எழுந்தது. கடைவீதி வரவேண்டிய நேரத்தில் ரப்பர் கிடங்கின் சுவர்தான் வந்தது. அந்தச் சுவர் இத்தனை நீளம் என்பதை அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. நாய்கள் இரண்டு, வண்டியில் வரும்போது வாலாட்டுபவை, நடந்து வருபவரை அடையாளம் தெரியாமல் குரைத்துக்கொண்டு பின்தொடர்ந்தன. "நான்தான்டா" என்று அவற்றிடம் சொல்லிப் பார்த்தார். பயனில்லை. ஓடினார்; மூச்சு முட்டியது; நடந்தார்; மறுபடி ஓடினார். வழியெல்லாம் முருகன் நாமத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசி அரைமைலில் சீதாலெட்சுமியின் பெயரையும் இடையிடையே கலந்துகொண்டார். அது பக்தியினால் அன்று.

நிலையப் படியை அவர் மிதித்தபோது ரயிலின் பின்விளக்கு பாலத்தின் பக்கம் சிறுத்துக்கொண்டே போயிற்று. ரயில் தன் நேரத்துக்கு வந்தது, தன் நேரத்துக்குப் போயிற்று. அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அதுவே கூடுதல் ஆத்திரம் தந்தது.

அடுத்த ரயில் ஐந்து முப்பத்தைந்துக்கு. குளிரூட்டிய பெட்டியில் வியர்வை உறைய அமர்ந்திருந்தார். எதிரே இருந்தவர்கள் உறங்கினர். சுபாங் ஜெயாவிலும் பெட்டாலிங்கிலும் கதவுகள் நிதானமாகத் திறந்து நிதானமாக மூடின. கோலாலம்பூரில் இறங்கும்போது ஆறு இருபத்தைந்து. வேலியோரம் நீல வண்டி பனியில் நனைந்து, கூடையில் ஓர் உதிர்ந்த இலையோடு, பூட்டுடன் நின்றது. அதைக் கடந்து நடந்துபோவதுபோல் கொடுமை வேறில்லை என்று அவருக்குத் தோன்றியது.

சலவைச் சாலையை அடைந்தபோது ஆறு ஐம்பது. உள்ளே ஆவியின் இரைச்சல் கேட்கவில்லை. தம்புசாமி நெருப்பு மூட்டியிருப்பார், வேலை போய்விட்டிருக்கும் என்று எண்ணி வந்தவர், கொட்டகை வாயிலில் திகைத்து நின்றார். அடுப்புக் கதவில் மாலை அப்படியே இருந்தது. அதன் முன்னே இடுப்பில் கைவைத்துப் பவுனம்மாள் நின்றாள். ஒருபுறம் தவுக்கே, மறுபுறம், தூக்கம் கலையாத முகத்தோடு தம்புசாமி.

நடந்தது இதுதான். ஆறேகால் தாண்டியதும் தவுக்கே ஆளனுப்பித் தம்புசாமியை எழுப்பி வரவழைத்தார். அவர் கதவருகே போனதும் பவுனம்மாள் குறுக்கே வந்துவிட்டாள். மாலை போட்ட கைதான் மாலையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கலனுக்கு முன் ஒரு பெண்ணும் நிற்க மாட்டாள் என்றாள். தவுக்கேயின் அலுவலறையிலும் சிவப்பு விளக்கெரியும் சாமி மாடம் ஒன்று உண்டு. ஆகவே அவர் தெய்வக் காரியத்தில் கைவைக்கத் தயங்கினார். மறுபூசைக்கு நேரமே ஏழு மணிதான், அதனால்தான் வேலாயுதம் இன்னும் வரவில்லை என்று அடித்துச் சொல்லியும் வைத்திருந்தாள் பவுனம்மாள்.

வேலாயுதத்தைக் கண்டதும் அவள் அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அண்ணே, ஏழு மணிக்கு மறுபூசன்னு சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம். தவுக்கே கேட்டா சும்மா தலைய மட்டும் ஆட்டுங்க லா."

தவுக்கே கேட்டார். சந்தையில் புழங்கும் கொச்சை மலாய் மொழியில், மெதுவாக, ஏறக்குறைய கெஞ்சுவதுபோல் கேட்டார். பூசைக்கு ஏழு மணி என்கிறார்களே, அதனால்தானே இப்போது வந்தீர்? அவர் குரலில் ஒரு கதவு திறந்தே இருந்தது. கொட்டகை முழுதும் வேலாயுதத்தின் தலையைப் பார்த்தது. அது அரை அங்குலம் அசைந்தால் போதும். மூன்று பிள்ளைகளின் சோறு நிலைபெறும்.

வேலாயுதத்துக்கு அந்தக் கணத்தில் எல்லார்மீதும் சினம் வந்தது. சாவியை வைத்தவள்மீது, வண்டியை ஏற்றாத ரயில்மீது, கெஞ்சும் தவுக்கேமீது, உதவ வந்த பவுனம்மாள்மீது, எல்லாருக்கும் மேலாக, அசைய மறுத்து நின்ற தம் கழுத்தின்மீது.

"பூசை ஆறேகாலுக்குத்தான்" என்றார். "நான் லேட்டு. மொத ரயில விட்டுட்டேன்."

ஏன் விட்டீர் என்று கேட்டார் தவுக்கே. நேரமாகிவிட்டது என்றார் இவர்.

பவுனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு தலையாட்டுண்ணே. ஒரே ஒரு தலையாட்டு. மாடுகூட ஆட்டும்."

தம்புசாமியும் நொந்துபோனார். "நான் பேசாம வீட்டுக்குப் போயிருப்பேண்ணே. என்னை வேற எழுப்பி விட்டு, இப்ப இது வேற" என்று முணுமுணுத்தார்.

தவுக்கே தொப்பியைக் கழற்றினார்; போட்டுக்கொண்டார்; கொதிகலனைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். பிறகு விரல் நீட்டிச் சொன்னார்: "மூணு மாசம். நாளைலருந்து திரும்ப எண்ணுவேன். மொதல்லருந்து." அதற்குமேல் அங்கே நிற்க அவருக்குப் பொறுமை இல்லை. போகும்போது சீனத்தில் ஏதோ நெடிதாகச் சொல்லிக்கொண்டு போனார். வாழ்த்தாக இருக்க முடியாது.

வேலாயுதம் கைகால் கழுவி, கற்பூரம் ஏற்றி, மாலையை இறக்கி, நெருப்பு மூட்டினார். எட்டு மணிவரை முப்பது பெண்களும் கட்டிய கையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தனர். லோரி பத்து மணிக்குத்தான் கிளம்பியது.

அன்று மாலை வீட்டில் பொரியும் கடலையும் தட்டில் இருந்தன. சீதாலெட்சுமி சாவியை மஞ்சள் நூலோடு அவர் கையில் தந்து, வேலை நிலையாயிற்றா என்று கேட்டாள். இன்னும் மூன்று மாதம் என்றார். அவள் நின்றுவிட்டாள். "நான்தான் சாவிய வெச்சேன்னு சொல்லலியா?" என்றாள்.

"ரயில விட்டது கிள்ளான்ல. சாவி அங்க எதுக்கு?" என்றார் அவர், பொரியை வாயில் போட்டுக்கொண்டு.

அவள் அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. மறுநாள் முதல் மூன்றே முக்காலுக்கு எழுந்து அவருக்குக் கோப்பி கலந்தாள். அதுவரை நான்கு மணிக்குத்தான் எழுவாள். அடைமழை மாதங்கள் அவை. இரு ஊரிலும் மழை பெய்தது, இரு வண்டியிலும் சங்கிலி துருவேறியது, பஞ்சர் நான்கு, ஒருமுறை கிள்ளானில் முழங்கால் நீர். தொண்ணூற்றிரண்டு நாளில் வேலைநாள் ஒவ்வொன்றிலும் ஆறேகாலுக்கு முன்னே அவர் கலனருகே நின்றார். தம்புசாமி காஜாங்கில் வேறு வேலை கிடைத்துப் போனார். தொண்ணூற்று மூன்றாம் நாள் தவுக்கே கொட்டகைக் கதவில் இருந்த மாணிக்கத்தின் பெயர்ப் பலகையைக் கழற்றி, வேலாயுதத்தின் பெயரெழுதிய பலகையை ஆணியடித்தார். பெயரில் ஓர் எழுத்து தலைகீழாய் இருந்தது. அதைச் சொல்லித் திருத்தச் சொல்லவும் வேலாயுதத்துக்கு வாய் வரவில்லை.

காப்பார் சாலைப் பலகை வீட்டில் மாடவிளக்கு மங்காதிருப்பதாக. சீதாலெட்சுமியின் மஞ்சளும் குங்குமமும் நெடிது விளங்குவதாக. பிள்ளைகள் மூவரும் கல்வியும் கனிவும் பெற்று, பெற்றோர் கால் நோக நடந்த தூரமெல்லாம் தாம் நடவாது செல்வாராக. அவ்வீட்டுப் படியிறங்கிப் போவோர் அனைவரும் பொழுது சாயுமுன் நலமே திரும்புக. உலையேறும் அரிசி என்றும் குறையாதிருக்க. வேலவன் அருள் அக்குடியைச் சூழ்ந்து காக்க.